ஏழாம் எண் இன்னும் இறங்கவில்லை

போரின் இரண்டாம் ஆண்டு, ஒரு தூறல் நாளில், மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கப்பலில் இறங்க வந்த ஏழாம் எண் சண்டை விமானம் முப்பத்து நாலு வருடம் கழித்து இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அது எங்கேயும் போய்விடவில்லை. சக்கரங்களை இறக்கி, வால் கொக்கியைத் தொங்கவிட்டு, இதோ வந்துவிட்டேன் என்கிற மாதிரி, சுற்றுக்கு நாலு நிமிடமாகக் கப்பலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கடற்படை விமானப் பிரிவின் போர்க்கால வரலாறு நாற்பத்திரண்டு பக்கப் புத்தகமாக அச்சாகியிருக்கிறது. எந்த நாளில் எத்தனை எதிரி விமானம் விழுந்தது, எந்தத் தீவில் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தத் தூறல் நாளுக்கு மட்டும் ஒரே வரி: ‘பன்னிரண்டு விமானங்களும் பத்திரமாகத் திரும்பின.’ எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. மட்டைக்காரர் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

விமானம் தாங்கிக் கப்பலின் தளத்தில், பின் முனையில், இடது ஓரமாக ஒரு சின்ன மேடை இருக்கும். கைக்கு ஒன்றாக இரண்டு வண்ண மட்டைகளைப் பிடித்துக்கொண்டு அதில் நின்று விமானங்களை இறக்குகிறவர்தான் மட்டைக்காரர். விமானிகள் யார் பேச்சையும் கேட்காத ஜாதி. ஆனால் அவர் கை பேசினால் கேட்டாக வேண்டும். மட்டைகளைத் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக வீசினால், ‘வேண்டாம், இன்னொரு சுற்று போய்விட்டு வா.’ வலது மட்டையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால், ‘எஞ்சினை விட்டுவிடு, இறங்கு.’ இந்த இரண்டுக்கும் மறுபேச்சு கிடையாது. ஆள் இல்லாத மேடையை நம்பி எவனும் இறங்கவும் கூடாது. இந்தக் கப்பலின் மட்டைக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு விமானமும் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை வால் கொக்கியால் பிடித்து நின்றதும் அதன் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வார். பன்னிரண்டு என்று சொன்னதும் மட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு டீ குடிக்கக் கீழே போய்விடுவார். அவர் மேடையை விட்டு இறங்கினால் வானத்தில் நம்முடைய ஆள் யாரும் பாக்கி இல்லை என்று அர்த்தம். கப்பலில் அத்தனை பேரும் அவரைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுவார்கள்.

ஏழாம் எண்ணை ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். கல்யாணமாகி எட்டு மாதம். தங்கைக்கு நாலு மாதம் என்று கடிதம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் இறங்க வந்தபோது வால் கொக்கி இறங்கவில்லை. கொக்கி இல்லாமல் கம்பியைப் பிடிக்க முடியாது. மாப்பிள்ளை என்பதற்காகச் சலுகையா காட்ட முடியும்? மட்டைக்காரர் தலைக்கு மேலே மட்டைகளை வீசித் திருப்பி அனுப்பினார். பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராக இறக்கினார். பதினொன்று ஆயிற்று. தூறலுக்குள்ளிருந்து இன்னொரு விமானம் நேராக வந்தது. வால் எண் புகையில் கருத்துக் கிடந்தது. அழகாக இறக்கினார், ‘பன்னிரண்டு’ என்றார், டீ குடிக்கப் போனார். அது வேறொரு கப்பலின் விமானம். அந்தக் கப்பல் மதியம்தான் மூழ்கியிருந்தது. கால் வைக்க இடமில்லாமல் கண்ணில் பட்ட முதல் கப்பலுக்கு வந்த அந்த இருபத்திரண்டு வயதுக்காரன், தான் யார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் யாரோ அவனுக்குத் துண்டைக் கொடுத்து, யாரோ டீயைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழாம் எண் கொக்கியைச் சரிசெய்துகொண்டு சுற்றி வந்தபோது மேடையில் ஆள் இல்லை. ரேடியோ அறையில் அவர் குரல் கேட்டது. “என்ன மச்சான், பின்னால யாருமே இல்ல? சரி, இன்னொரு சுத்து போயிட்டு வரேன். எண்ணெய் முப்பத்தாறு கேலன் இருக்கு.” ரேடியோக்காரர் விழுந்தடித்து ஓடிவந்து சொன்னார். மட்டைக்காரர் டீயைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினார். நாலு நிமிடத்தில் மாப்பிள்ளை வந்தார். மட்டைக்காரர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ‘சரியாக வருகிறாய்’ என்று காட்டினார். விமானம் அவர் தலைக்கு மேலே போனது. “என்ன மச்சான், பின்னால யாருமே இல்ல?” என்று கேட்டது அதே குரல், அதே சலிப்போடு. இருட்டும் வரை மட்டைக்காரர் நின்றார். மறுநாள் காலை வெயிலிலும் நின்றார். வெயில் கிழக்கே இருந்து அடித்தது. ஏழாம் எண்ணின் இறக்கையில் மட்டும் முந்தின நாளின் மாலை வெளிச்சம் மேற்கிலிருந்து விழுந்திருந்தது. அதன் வயிற்றிலிருந்து தூறல் சொட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் பேசுவது எதுவும் மாப்பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கு அது இன்னும் முதல் சுற்றுதான் என்று கப்பலின் மருத்துவர் அபிப்பிராயப்பட்டார். அதற்கு மருந்து இல்லை என்றும் சொன்னார்.

போர் இதற்காகவெல்லாம் நிற்குமா? கப்பல் போன இடமெல்லாம் அந்த வட்டமும் கூடவே போனது. புதிதாக வந்த விமானிகளுக்கு முதல் பாடமே, வரிசையில் சேரும்போது ஏழுக்கு இடம் விடு என்பதுதான். ஒரு முறை எதிரி விமானம் ஒன்று அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு சரமாரியாகச் சுட்டது. குண்டுகள் அவரைத் தொடவில்லை; அவருக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு வருடம் இருந்தது. முதலில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கடலோடு போனார்கள். அவர்கள் வீடுகளுக்குத் தந்தி போனது. ஏழாம் எண் பத்திரமாகத் திரும்பியதாகப் பதிவு இருந்ததால் தங்கைக்கு எந்தத் தந்தியும் போகவில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அவரிடம் சொல்லு அண்ணா, ஏன் எழுத மாட்டேன் என்கிறார் என்று அவள் எழுதினாள். மட்டைக்காரர் யோசித்து யோசித்து, ‘நன்றாக இருக்கிறார், இறங்க வேண்டியதுதான் பாக்கி’ என்று பதில் போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வேறு கப்பலிலிருந்து வந்தவனுக்கு விருந்தாளி என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு வாரத்தில் போய்விடுவேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். போக இடமில்லை. காலியாக இருந்தது ஏழாம் எண்ணின் படுக்கை மட்டும்தான் என்பதால் அதில் படுத்தான். விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் ரேடியோக்காரர். விருந்தாளி வானத்தில் இருக்கும்போது மட்டும் ஏழாம் எண் சொல்வது மாறியது. “யாரோ நிக்கற மாதிரி இருக்கு, சரியா தெரியல.” விருந்தாளி தூரப் போகப் போகக் கொஞ்சம் தெளிந்தது. விருந்தாளி திரும்பி வந்து இறங்கியதும், “யாருமே இல்ல.” மட்டைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டாவது இடத்தை அவரே, தன் வாயால், வேறொருவனுக்குக் கொடுத்திருக்கிறார். வாய்விட்டுச் சொன்ன கணக்கைத் திருப்பி எடுக்க வழியில்லை. விருந்தாளி திரும்பி வருகிற ஆளாக இருக்கும் வரை மாப்பிள்ளை இறங்க முடியாது. ரேடியோக்காரர் இன்னொன்றும் கவனித்துச் சொன்னார். முப்பத்தாறு கேலன், முப்பத்தைந்து ஆகியிருந்தது. வருடத்துக்கு ஒரு கேலன்.

போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அது நடந்தது. மதியச் சண்டையில் விருந்தாளியின் எஞ்சினில் குண்டு பட்டு, நூறு மைலுக்கு அப்பால் கடலில் இறங்கப் போவதாகச் சொல்லிவிட்டான். அரை மணி அவன் சத்தமே இல்லை. அதற்கடுத்த சுற்றில் ஏழாம் எண் தெளிவாகப் பேசியது. “ஆள் நிக்கறாரு. மச்சான்தான். கையை விரிக்கறாரு.” மட்டைக்காரர் விரித்த கையை அசைக்கவில்லை. ஒரு வருடம் ஏழு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இடப்பக்கம் திரும்பும்போது, நேர் பின்னாலிருந்து இன்னொரு விமானம் வந்தது. கரும்புகை. சாகவில்லை, எப்படியோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டான் விருந்தாளி. முன்னால் இருந்தவன் அவன்தான். மட்டைகளைத் தலைக்கு மேலே வீசினால் போதும். அவன் கீழ்ப்படிவான், எஞ்சினை முறுக்குவான், அரைக் கிலோமீட்டரில் கடலுக்குள் போவான். பின்னாலேயே மாப்பிள்ளை இறங்கிவிடலாம். யாரும் மட்டைக்காரரைக் கேள்வி கேட்கப் போவதில்லை. அவர் மட்டைகளைத் தூக்கவும் செய்தார். ஆனால் விருந்தாளி சரியாக வந்தான். உயரம் சரி, வேகம் சரி, கோடு சரி. அத்தனை ஓட்டைகளோடும் பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி வந்தான். சரியாக வந்தவனைத் திருப்பி அனுப்ப அந்தக் கைக்குத் தெரியவில்லை. வலது மட்டை கழுத்துக்குக் குறுக்கே போனது. விருந்தாளி இறங்கினான். தலைக்கு மேலே மாப்பிள்ளை, “என்ன மச்சான், பின்னால யாருமே இல்ல?” என்றார். மட்டைக்காரர் மேடையிலேயே உட்கார்ந்து அழுதார்.

போர் முடிந்ததும் கப்பலை ஒரு துறைமுகத்தில் கொண்டுவந்து, மாலுமிகளுக்கு எஞ்சின் வேலை சொல்லிக்கொடுக்கிற பயிற்சிக் கப்பலாக நிறுத்தினார்கள். முன்பக்கத்தை மட்டும் ஒரு மிதவையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கப்பல் தானாகவே அந்தப் பக்கம் முகம் திருப்பிக்கொள்ளும். ஏழாம் எண்ணின் வட்டத்தில் பாதி கடல்மேல் விழுந்தது, பாதி ஊர்மேல். மட்டைக்காரர் தங்கையையும் குழந்தையையும் அந்த ஊருக்கே அழைத்துவந்து வீடு பார்த்தார். முதல் நாளே எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்போ அந்த ஆளை இறக்கிட்டே.”

“ஆமா.”

“ஏன்?”

“சரியா வந்தான்.”

வீட்டுக்கு மேலே ஒரு முறை சத்தம் போய், மறுபடி வந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அண்ணனோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள்.

ஊர் பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்யும்? நாலு நிமிடத்துக்கு ஒரு முறை எஞ்சின் சத்தம் தலைக்கு மேலே வரும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிக்கு அந்த இடைவெளி சௌகரியமாக இருந்தது. வட்டத்துக்குக் கீழே இருந்த தெருக்களில் ஒரு ஆள் அகலத்துக்கு எல்லாக் காலத்திலும் தூறல் விழுந்தது. அங்கே துணி காயப்போட மாட்டார்கள். நகராட்சிக்கு மனு கொடுத்தார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கையின் மகள், தந்தை எங்கே இருக்கிறார் என்ற கட்டத்தில் ‘மேலே’ என்று எழுதினாள். ஆசிரியை பதறிப்போய்த் தலையைத் தடவிக்கொடுக்க வந்தார். அவள் ஜன்னலைக் காட்டினாள். ஆசிரியை ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குப் படிப்பும் வேலையும் கல்யாணமும் அந்தச் சத்தத்துக்குக் கீழேயே நடந்தன. கல்யாணத்தன்று பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஆள் மேலே கையைக் காட்டினார்கள்.

விருந்தாளி போர் முடிந்ததும் தன் ஊருக்குப் போனான். பத்தே நாளில் திரும்பிவிட்டான். அவன் கப்பல் மூழ்கிய அன்றே அவன் வீட்டுக்குத் தந்தி போயிருந்தது. அவர்கள் அழுது முடித்து, அவன் அறையைத் தம்பிக்குக் கொடுத்து, தம்பிக்குக் கல்யாணமும் செய்துவிட்டிருந்தார்கள். “எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க அண்ணே. ஆனா உக்கார எடமில்ல,” என்றான் மட்டைக்காரரிடம். பயிற்சிக் கப்பலிலேயே எஞ்சின் வாத்தியாராகச் சேர்ந்தான்; தான் ஓட்டிய பழைய விமானத்தையே பாடத்துக்கு வைத்துக்கொண்டான். தங்கை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை தினமும் மதியம் மகள் கையில் அவனுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். ஒரு நாளும் அவனோடு பேசியதில்லை. அவன் சாக வேண்டும் என்று அவள் நினைத்தாளா என்று மட்டைக்காரர் பல வருடம் தனக்குள் கேட்டுக்கொண்டார். நினைத்திருப்பாள். உப்பு சரியாகப் போட்டாளா என்று ருசி பார்த்துத்தான் கொடுத்தனுப்பினாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

முப்பத்து நாலாம் வருடம் எண்ணெய் இரண்டு கேலன் என்று ஏழாம் எண் சொன்னது. பழைய ரேடியோக்காரர் ஓய்வு பெற்றும் ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் வந்து சொன்னார். அந்த வாரம் விருந்தாளி முதல் முறையாகத் தங்கை வீட்டு வாசலுக்கு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. மட்டைக்காரருக்கு அதற்குள் இரண்டு கண்ணும் மங்கி, ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

“வியாழக்கிழமை நல்ல காத்து அடிக்கும்னு சொல்றாங்க அக்கா,” என்றான் விருந்தாளி.

“அந்தப் பழைய வண்டி கிளம்புமா?” என்றாள் தங்கை. அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“நான்தானே பாத்துக்கறேன் அதை. கிளம்பும்.”

“திரும்பி வர எண்ணமா?”

“இல்லக்கா.”

மேலே சத்தம் வந்தது. மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். போனதும் தங்கை, “உள்ள வாங்க. இன்னிக்காவது உக்காந்து சாப்பிடுங்க,” என்றாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

மட்டையை யார் பிடிப்பது என்ற கேள்வியே எழவில்லை. வருடக்கணக்காக அண்ணன் கொல்லையில் நின்று கையைத் தூக்கி இறக்கிப் பழகுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அத்தனையும் வந்திருந்தது. உயரம் அதிகம் என்றால் கை எங்கே இருக்க வேண்டும், வேகம் குறைந்தால் மட்டையை எப்படி அசைக்க வேண்டும் என்று அவர் கேட்கக் கேட்க அவள் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். வியாழக்கிழமை மதியம், விமானம் ஏறவும் இறங்கவும் தோதாக, கப்பல் காற்றைப் பார்த்து நின்றது. விருந்தாளி பழைய விமானத்தைக் கிளப்பி, தளத்தின் முழு நீளமும் ஓடி, முனையில் ஒரு கணம் கீழே தொலைந்து, பிறகு மேலே ஏறினான். கையசைக்கவில்லை, வட்டம் போடவில்லை. தன் கப்பல் மூழ்கிய திசையில் நேராகப் போனான். அரை மணி கழித்து ரேடியோவில் அவன் குரல் சாதாரணமாகக் கேட்டது. “அண்ணே, எங்க கப்பல் தெரியுது. பின்னால ஆள் நிக்கறாரு.” அதற்குப் பிறகு அவன் பக்கமிருந்து ஒன்றும் இல்லை.

மேடையில் தங்கை நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், மேடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டபடி மட்டைக்காரர் நின்றார். ரேடியோக்காரர் ஒலிபெருக்கியைத் தளத்தில் வைத்திருந்தார். எஞ்சின் இடப்பக்கம் போனது, திரும்பியது, பின்னாலிருந்து வந்தது. ஒலிபெருக்கியில் இருபத்தேழு வயதுக் குரல் தயங்கியது.

“மச்சான், பின்னால உங்களைக் காணோம். யாரோ ஒரு வயசான அம்மா நிக்கறாங்க.”

மட்டைக்காரர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். தங்கையின் முகம் அவருக்குத் தெரியவில்லை. மட்டைத் துணி காற்றில் படபடப்பது மட்டும் கேட்டது. அது ஒரு கணம் நின்றது. அவள் கைகளைக் கீழே போட்டுவிட்டாள் என்று நினைத்தார். எஞ்சின் நெருங்கியது.

“சிக்னல் சரியாத்தான் குடுக்கறாங்க. யாரா இருந்தா என்ன, இறங்கறேன்,” என்றது குரல்.

மட்டை ஒரு முறை காற்றைக் கிழித்தது. கழுத்துக்குக் குறுக்கே போகும் அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? எஞ்சின் அடங்கியது, சக்கரம் தளத்தில் மோதியது, கம்பி இழுபட்டு முனகியது. ஊர் முழுக்க அப்படி ஓர் அமைதி வந்தது. “ஒன்று,” என்று மட்டைக்காரர் வாய்விட்டு எண்ணினார். நனைந்த சட்டையோடு இறங்கி வந்த விமானி, மேடையில் நின்றவளிடம் வந்து, “ரொம்ப நன்றிம்மா. எங்க மச்சானைப் பாத்தீங்களா?” என்று கேட்டார். தங்கை மட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். “முதல்ல தலையைத் துவட்டுங்க,” என்று சொல்லி, வருடக்கணக்காகப் பெட்டியில் மடித்து வைத்திருந்த துண்டைக் கொடுத்தாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க நாலு நாள் ஆனது. அவர் இரண்டு நாள் அழுதார், ஒரு நாள் யாரோடும் பேசவில்லை, நாலாவது நாள் மகளைப் பார்க்க வேண்டும் என்றார். முப்பத்து மூன்று வயது மகள் தன் பிள்ளைகளோடு வந்து, தன்னைவிடச் சின்னவராக இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்பா, இளைச்சுப் போயிருக்கீங்க,” என்றாள். ஊரில் பல மாதம் யாருக்கும் பேச்சே ஓடவில்லை. நாலு நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வராத சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். நகராட்சியிலிருந்து மனு ஏற்கப்பட்டுவிட்டது என்று கடிதம் வந்தது.

அந்த வருடக் கடைசியில் மட்டைக்காரரின் கண்ணைக் காட்ட மூவரும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு எழுதுகிற பெண் மட்டைக்காரரின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிவிட்டு, கூட வந்தவர்கள் யார் என்று கேட்டாள்.

“நான் தங்கச்சி.”

“பக்கத்துல நிக்கறது உங்க பையனா?”

“இல்லம்மா, வீட்டுக்காரர்,” என்றாள் தங்கை. “வரக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மட்டைக்காரருக்குப் பேனா நிற்பது கேட்டது. பிறகு அது மறுபடி ஓடுவதும் கேட்டது. அந்தப் பெண் ‘கணவர்’ என்று எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.